மலையை வலப்புறம் வைத்து ஒரு சுற்று

தென்காசியில் கிளம்பித் தென்காசிக்கே திரும்பும் ஒரு சாலைச் சுற்று இருக்கிறது. மலையடிவாரத்தை ஒட்டித் தெற்கே போய், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நாஞ்சில் நாட்டுக்குள் நுழைந்து, அங்கிருந்து கடலோரமாக வடக்கே ஏற வேண்டும். கொல்லத்தில் கடலை விட்டுவிட்டு மறுபடியும் மலை ஏறி, ஆரியங்காவு தாண்டிப் புளியரையில் இறங்கினால் சுற்று முடிந்தது. ஏறக்குறைய 400 கிலோமீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடி முழுவதையும், நடுவில் 1,868 மீட்டர் உயரத்தில் நிற்கும் அகத்தியர்கூடத்தையும் சேர்த்து, ஒரு வலம் வந்த கணக்கு.

எங்கள் வீடு செங்கோட்டையில். அப்பாவுக்குப் புனலூரில் பலசரக்கு வியாபாரம் இருந்ததால் கணவாய்ச் சாலை எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் யார் இந்தப் பக்கம் வர நினைத்தாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். இந்த முறை கோயம்புத்தூரிலிருந்து சித்தி மகன் கூப்பிட்டான்.

"யக்கா, மூணு நாள் லீவு. ரூட் போட்டாச்சு. லிஸ்ட் அனுப்பியிருக்கேன், பாத்துச் சொல்லு."

குற்றாலம், மணிமுத்தாறு, கன்னியாகுமரி சூரிய உதயம், திற்பரப்பு, கோவளம், பத்மநாபசுவாமி கோயில், பூவாறு படகு, பொன்முடி, சடையமங்கலத்து ஜடாயு சிலை, வர்க்கலை, தென்மலை, பாலருவி என்று அந்தப் பட்டியல் கீழே போய்க்கொண்டே இருந்தது.

"இதுல பாக்குறதுக்கு எவ்வளவு நேரம் வச்சிருக்க?"

"மொத்தமே பன்னெண்டு மணி நேரம்தான்க்கா காட்டுது மேப்புல."

"அது வண்டி ஓடுற நேரம் தம்பி. நீங்க இறங்கி நிக்கிற நேரத்தை யாரு போடுவா?"

அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இந்தப் பாதையில் ஊர்களைத் தேர்ந்தெடுப்பது எளிது, நேரத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் வேலை. எந்த இடத்தில் எந்த வெளிச்சத்தில் நிற்கப்போகிறோம் என்பதை மட்டும் மூன்று நான்கு இடங்களுக்கு முடிவு செய்துவிட்டால் போதும். மீதியைச் சாலை பார்த்துக்கொள்ளும்.

முதலில் திசை. பெரும்பாலும் இங்கிருந்து கிளம்புகிறவர்கள் நேரே ஆரியங்காவு ஏறிக் கொல்லம் போய், அங்கிருந்து திருவனந்தபுரம் வழியாகக் கன்னியாகுமரி வந்து சேர்கிறார்கள். நான் அதைத் திருப்பிப் போடச் சொல்வேன். நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். வடக்கு நோக்கிப் போனால் கடல் இடப்பக்கம் வரும். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் அலைக்கும் நடுவே எதிர் வண்டி வராது. நல்ல இடம் கண்ணில் பட்டால் சாலையைக் குறுக்கே வெட்டாமல் அப்படியே ஓரம் கட்டலாம். ஒடுங்கிய கடலோரச் சாலைகளில் இது வசதி மட்டுமில்லை, பாதுகாப்பும்கூட. மலையோ மூன்று நாளும் வலப்பக்கமே நிற்கும்.

வெளிச்சமும் இந்தத் திசைக்குத்தான் சாதகம். கடைசி நாள் சாயங்காலம் கணவாயைக் கிழக்கு நோக்கிக் கடக்கும்போது சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். புளியரை இறக்கத்தில் கீழே விரியும் வயல்கள் மேல் அந்த வெயில் சாய்வாக விழும். எதிர்த்திசையில் வந்தால் அதே நேரத்தில் கண் கூசிக்கொண்டு ஓட்ட வேண்டியிருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் முக்கியம். தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் மோதி மழையை அங்கேயே கொட்டிவிடுகிறது. கிழக்கே நம் பக்கம் மழை மறைவு. ஆனால் மலை தாழ்ந்திருக்கும் இரண்டு இடங்களில் காற்று இந்தப் பக்கம் புகுந்து வருகிறது. ஒன்று செங்கோட்டைக் கணவாய், நம் குற்றாலத்துச் சாரல் அதன் வழியாக வருவது. இன்னொன்று ஆரல்வாய்மொழி, முப்பந்தலில் காற்றாலைகள் அவ்வளவு நெருக்கமாக நிற்பது அதனால். இந்தச் சுற்றில் ஒரு காற்றுவாசல் வழியாக மேற்கே போய், இன்னொரு காற்றுவாசல் வழியாகத் திரும்பி வருகிறோம். வறண்ட பக்கத்தை முதலில் பார்த்துவிட்டு ஈரப் பக்கத்துக்குள் போனால்தான் இந்த மலை என்ன வேலை செய்கிறது என்பது புத்தகம் இல்லாமலே பிள்ளைகளுக்குப் புரியும்.

மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக இருக்கும், ஆனால் மேற்கே கடல் கொந்தளிக்கும். வர்க்கலையில் மணல் சுருங்கி அலை பாறைச் சுவர் வரை வந்துவிடும். கார்த்திகை பிறந்து தை முதல் வாரம் வரை சபரிமலைக் கூட்டம், கணவாய்ச் சாலை முழுக்க வேனும் பஸ்ஸும்தான். மாசி, பங்குனியில் பாலருவி மெலிந்துவிடும், சில வருடம் பார்வையாளர்களை அனுமதிப்பதையே நிறுத்திவிடுவார்கள். என்னைக் கேட்டால் ஓணம் கூட்டம் கலைந்த பிறகு வரும் புரட்டாசிதான் சரியான நேரம். அருவியில் தண்ணீர் இருக்கும், காற்று அடங்கியிருக்கும், மலை இன்னும் பச்சை மாறாமல் இருக்கும். கிழமை என்றால் வெள்ளிக்கிழமை காலை கிளம்புங்கள். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கள்கிழமை விடுமுறை, அதனால் இரண்டாம் நாள் திங்களில் விழக் கூடாது.

முதல் நாளை அவசரமில்லாமல் ஓட்டலாம். தென்காசியிலிருந்து கடையம், ஆழ்வார்குறிச்சி வழியாக அம்பாசமுத்திரம். கடையம் பாரதியின் மனைவி செல்லம்மாவின் ஊர். 1918 கடைசியில் விடுதலையாகி வந்த பாரதி 1920 வரை அங்கேதான் இருந்தார். அம்பைக்குப் பக்கத்தில் தாமிரபரணிக்கு மறுகரையில் கல்லிடைக்குறிச்சி. அப்பளம் வாங்குவதானால் அங்கேயே வாங்கிவிடுங்கள், மூன்று நாள் வண்டியில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது, பெட்டியின் அடியில் மட்டும் போடாதீர்கள். அதன் பிறகு சேரன்மகாதேவி, களக்காடு, திருக்குறுங்குடி என்று சாலை மலையடியிலேயே போகும். வலப்பக்கம் தெரியும் காடு களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், 1988-இல் அறிவிக்கப்பட்டது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். திருக்குறுங்குடி நம்பி கோயிலுக்கு உச்சிகால நடை சாத்துவதற்கு முன் போய்ச் சேர்கிற மாதிரி கிளம்பினால் நல்லது. கல் தூண் சிற்பங்களுக்காகவே ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

பணகுடி தாண்டியதும் காற்றாலைகள் தொடங்கிவிடும். காவல்கிணற்றில் பெரிய சாலையை விட்டு வலப்பக்கம் திரும்பி ஆரல்வாய்மொழிக்குள் நுழையும்போது ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று மாதங்களில் லாரியின் மறைவிலிருந்து வெளியே வரும் நொடியில் வண்டியை ஒரு தள்ளு தள்ளும். கணவாயைத் தாண்டியதுமே நிறம் மாறிவிடும். பனை குறைந்து தென்னை பெருகும், மண் சிவக்கும், வாழை வரிசையாக வரும்.

கன்னியாகுமரிக்குப் போகலாமா என்று கேட்பார்கள். அங்கேயே ராத்தங்கி விடியற்காலை கடற்கரைக்குப் போவதானால் போகலாம். 133 அடி வள்ளுவர் சிலையும் 1970-இல் கட்டிய விவேகானந்தர் மண்டபமும் படகுக்கான வரிசையும் சேர்ந்து அரை நாளை எடுத்துக்கொள்ளும். இந்தச் சுற்றில் அந்த அரை நாளை நான் முட்டத்துக்குக் கொடுப்பேன். நாகர்கோவிலில் பையை இறக்கி வைத்துவிட்டு நான்கு மணிக்குக் கிளம்பினால் முட்டம் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறைமேட்டில் நிதானமாக உட்கார இடம் கிடைக்கும். பாறை வழுக்கும், அலையும் எதிர்பாராமல் ஏறும். மீன்பிடிக்கும் ஊர்க்காரர்கள் எதுவரை போகிறார்களோ அதற்கு இரண்டு அடி முன்பே நின்றுகொள்ளுங்கள். இருட்டுவதற்குள் நாகர்கோவில் திரும்பினால் ராத்திரிக்கு ரசவடையும், மறுநாள் வழிக்கு ஒரு சீப்பு மட்டிப்பழமும் வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டாம் நாள் காலை தக்கலை. பத்மநாபபுரம் அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரள அரசு. 1956 நவம்பர் 1 அன்று எல்லை பிரித்தபோது கன்னியாகுமரி மாவட்டமும் எங்கள் செங்கோட்டையும் தமிழ்நாட்டுக்கு வந்தன, அரண்மனை நிர்வாகம் மட்டும் அந்தப் பக்கமே இருந்துகொண்டது. திறந்தவுடன் முதல் ஆளாக உள்ளே போய்விடுங்கள். பள்ளிக்கூட பஸ்கள் வந்த பிறகு வரிசையில் நகர வேண்டியதுதான், நிற்க முடியாது. கண்ணாடி மாதிரி மின்னும் கறுப்புத் தரையைச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் போட்டதாகச் சொல்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் நடக்கும்போது பாதத்துக்குக் கிடைக்கும் குளிர்ச்சி வேறு எங்கும் கிடைக்காது. திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த இடம் இது. 1741-இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தபோது மார்த்தாண்ட வர்மாவின் அரசு இங்கிருந்துதான் நடந்தது. பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்து, பக்கத்து உதயகிரிக் கோட்டையிலேயே அடக்கமானார். கோட்டை அரண்மனையிலிருந்து கொஞ்ச தூரம்தான், பிள்ளைகள் ஓடி விளையாட நிழலும் உண்டு.

அங்கிருந்து களியக்காவிளை வரை பொறுமை வேண்டும். மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை என்று கடைத்தெருவும் சாலையும் ஒன்றாகவே ஓடும். மேப் எவ்வளவு நேரம் காட்டினாலும் அதில் பாதியைக் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லை தாண்டும்போது பேச்சு மாறிவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாறுவீர்கள். பாறசாலை வரைக்கும் தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்திலேயே வரும். டீக்கடையில் தமிழில் கேளுங்கள், தமிழிலேயே பதில் வரும்.

எல்லைக்குச் சில நடைமுறைகள் உண்டு. கேரளத்தில் பெட்ரோல் விலை அதிகம், அதனால் மார்த்தாண்டத்திலேயே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். வாடகை வண்டி என்றால் பெர்மிட்டைக் கிளம்புவதற்கு முன்பே ஆன்லைனில் போட்டுவிட வேண்டும், சொந்த வண்டிக்குத் தேவையில்லை. 2023 ஜூன் முதல் கேரளச் சாலைகளில் ஏஐ கேமரா பார்த்து அபராதம் போடுகிறார்கள், முன்சீட்டில் இருவரும் பெல்ட் போட்டே ஆக வேண்டும். கிளம்பும் வாரத்தில் ஹர்த்தால் ஏதாவது அறிவித்திருக்கிறார்களா என்று ஒரு தடவை பாருங்கள். பெண்களோடும் வயதானவர்களோடும் போகிறவர்களுக்கு இன்னொரு முக்கியமான விஷயம், கழிப்பறை. கேரளத்தில் 'டேக் எ பிரேக்' என்று பெயர்ப்பலகை வைத்த அரசு ஓய்விடங்கள் பல ஊர்களில் இருக்கின்றன. நான் வழி போடும்போது சாப்பாட்டுக்கு முன் இதைத்தான் குறித்துக்கொள்வேன். இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு நல்ல கழிப்பறை இல்லாத பாதை, எவ்வளவு அழகாக இருந்தாலும், அம்மாக்களுக்கும் சித்திகளுக்கும் தண்டனைதான். தண்ணீரே குடிக்காமல் வருவார்கள், வாய் திறந்து சொல்லவும் மாட்டார்கள்.

திருவனந்தபுரத்தை இந்தச் சுற்றில் நான் சேர்ப்பதில்லை. அது தனியாக இரண்டு நாள் கேட்கும் ஊர். புறவழிச்சாலையில் கழக்கூட்டம் வரை போய், அங்கிருந்து பெருமாதுறைக்குத் திரும்பிவிடலாம். முதலப்பொழி பாலத்தின் மேல் போகும்போது இடப்பக்கம் காயல் கடலில் கலக்கும் வாய் தெரியும். இரண்டு பக்கமும் கல்லைக் கொட்டி நீட்டியிருக்கிறார்கள், நடுவே படகுகள் நுழைந்து வரும். இதே இடத்தில் படகுகள் கவிழ்ந்து எத்தனையோ மீனவர்கள் இறந்திருக்கிறார்கள். அலையைப் பார்த்து ஒரு படகு எவ்வளவு நேரம் காத்திருந்து, பிறகு சட்டென்று உள்ளே பாய்கிறது என்பதைப் பார்த்தால் அந்த வேலையின் கனம் தெரியும்.

அடுத்து அஞ்சுதெங்கு. ஆங்கிலேய கிழக்கிந்தியக் கம்பெனி 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மிளகு வியாபாரத்துக்காகக் கட்டிய கோட்டை, கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. 1721-இல் ஆற்றிங்கல் ராணிக்குப் பரிசு கொண்டு போன கம்பெனி ஆட்களை ஊர் மக்கள் வெட்டிச் சாய்த்துவிட்டு இந்தக் கோட்டையை மாதக்கணக்கில் முற்றுகை போட்டார்கள். பிளாசிப் போருக்கு 36 வருடம் முன்பு நடந்தது இது. கோட்டைக்குள் பார்க்க அதிகம் ஒன்றும் இல்லை, அரை மணி நேரம் போதும்.

வர்க்கலையில் மதியத்துக்கு மேல் அறை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தூங்குங்கள். பாறைச் சுவருக்குக் கீழே பாபநாசம் கடற்கரை, மேலே கடைகளும் நடைபாதையும். செம்மண்ணும் செம்புறைக்கல்லும் அடுக்கடுக்காகத் தெரியும் அந்தச் சுவரைப் புவியியலாளர்கள் ஊர்ப் பெயரைச் சொல்லியே ஒரு படிவப் பாறை வகையாகக் குறிப்பிடுகிறார்கள். மழைக்காலங்களில் விளிம்பு சரியும், வேலிக்கு வெளியே போய்ப் படம் எடுக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். காலையில் சிவகிரிக்கு ஒரு நடை போய்விட்டு வரலாம். கேரளத்துச் சமூகச் சீர்திருத்தத் துறவி நாராயண குரு 1928-இல் சமாதியான இடம். அவர் தவம் இருந்ததாகச் சொல்லும் மருத்துவாமலை நாகர்கோவிலுக்குப் பக்கத்தில், 1888-இல் சிவலிங்கம் நிறுவிய அருவிப்புறம் நெய்யாற்றங்கரைப் பக்கம். நாம் வந்த வழியிலேயே அவரும் நடந்து வந்திருக்கிறார். டிசம்பர் கடைசியில் சிவகிரி தீர்த்தாடனம் நடக்கும், அப்போது வர்க்கலைக்குள் வண்டி நகராது.

ஆனால் சூரிய அஸ்தமனத்துக்கு வர்க்கலையில் நிற்காதீர்கள். நான்கரை மணிக்கு இடவை தாண்டிக் காப்பிலுக்குப் போங்கள். மொத்தச் சுற்றிலும் ஒரே ஒரு இடத்தைத்தான் கட்டாயம் என்று சொல்வேன், அது இதுதான்.

காப்பிலில் நிலம் மெலிந்துகொண்டே வந்து, கடைசியில் சாலையின் அகலமும் இரண்டு பக்கமும் கொஞ்சம் மணலும் மட்டும் மிஞ்சும். இடப்பக்கம் அரபிக் கடல், வலப்பக்கம் இடவை நடையறைக் காயல். கடல் பக்கத்தில் அலையைத் தடுக்கக் கருங்கல் குவித்திருக்கிறார்கள். அலை அதில் அடித்து எழும்பும் உப்புத் துளிகள் கார்க் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகளாகக் காய்ந்துவிடும். காயல் பக்கத்தில் துளி அசைவு இருக்காது. ஒரு சின்ன வள்ளத்தில் ஒருவர் நின்றுகொண்டே வலை வீசுவார், வலை வட்டமாக விரிந்து விழும் சத்தம் கேட்கும். திரும்பினால் கடல் இரைச்சல். ஒரே மனிதனுக்கு இடது காதில் ஒரு தண்ணீர், வலது காதில் இன்னொரு தண்ணீர். மழை பெருத்த வருடங்களில் காயல் நிறைந்து பொழியை, அதாவது கடலோடு சேரும் வாயை அடைத்திருக்கும் மணலை, உடைத்துக் கடலுக்குள் போகும். மற்ற மாதங்களில் மணல் மேடு வளர்ந்து இரண்டையும் பிரித்து வைத்திருக்கும். ஊர்க்காரர்களிடம் கேட்டால் இப்போது பொழி திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று சொல்வார்கள். வண்டியைச் சாலையிலேயே விடாமல் பாலத்துக்கு முன்னால் இடம் பார்த்து நிறுத்திவிட்டு நடந்து போங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு வெயில் கடல் மேலேயும் காயல் மேலேயும் ஒன்றாக விழும். என் மகள் அந்த இடத்தில் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி நின்றாள்.

மூன்றாம் நாள்தான் நீளம். காலை ஏழு மணிக்காவது கிளம்ப வேண்டும். காப்பில், பரவூர் வழியாகக் கொல்லம். தேசிய நெடுஞ்சாலை 66-ஐ அகலமாக்கும் வேலை பல இடங்களில் இழுத்துக்கொண்டே போவதால் கடலோரச் சிறு சாலையே மேல். கொல்லத்தில் தங்கசேரி கலங்கரை விளக்கம் 1902-இல் வந்தது, பக்கத்தில் போர்ச்சுக்கீசியர் கோட்டையின் மிச்சச் சுவர். இந்த ஊர்ப் பெயரில் வழங்கும் மலையாள ஆண்டுக் கணக்கான கொல்லம் ஆண்டு கி.பி. 825-இல் தொடங்குகிறது. தென்பாண்டி நாட்டுக் கல்வெட்டுகளிலும் அந்தக் கணக்கு வரும், அந்த அளவுக்கு இந்தத் துறைமுகம் மலைக்கு இந்தப் பக்கமும் செல்லுபடியான ஊர். காலைச் சாப்பாட்டை இங்கே முடித்துக்கொள்ளலாம். புட்டும் கடலையும் எல்லாக் கடையிலும் கிடைக்கும். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் காலையிலேயே வைத்திருக்கும் கடை கிடைத்தால் விடாதீர்கள். 19-ஆம் நூற்றாண்டில் விசாகம் திருநாள் மகாராஜா ஊக்கப்படுத்திப் பரப்பிய கிழங்கு அது, அரிசி கிடைக்காத காலத்தில் திருவிதாங்கூர் ஏழைகளின் வயிற்றைக் காப்பாற்றியது.

கொல்லத்தில் தொடங்கும் தேசிய நெடுஞ்சாலை 744 கொட்டாரக்கரை, புனலூர், தென்மலை, செங்கோட்டை வழியாகத் திருமங்கலம் வரை போகிறது. கொட்டாரக்கரை கணபதி கோயிலில் உண்ணியப்பம் வாங்கிக்கொண்டு, வண்டியிலேயே சாப்பிட்டுக்கொண்டு போகலாம். புனலூரில் கல்லடையாற்றின் மேல் 1877-இல் கட்டிய தொங்கு பாலம், கல் வளைவுகளிலிருந்து இரும்புச் சங்கிலிகள் தொங்கும். இப்போது நடந்து பார்க்க மட்டும்தான்.

புனலூரைத் தமிழ் வாசகர்கள் வேறொரு காரணத்துக்காகவும் தெரிந்துகொள்ள வேண்டும். 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட தமிழர்களில் ஒரு பகுதியினரை, 1976-இல் தொடங்கிய மறுவாழ்வுத் தோட்டக் கழகத்தின் மூலம் இந்தப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தினார்கள். குளத்துப்புழையிலும் ஆயிரநல்லூரிலும் அந்தத் தோட்டங்கள் இருக்கின்றன. அப்பாவின் கடைக்கு மாதச் சம்பளம் வந்த வாரத்தில் அங்கிருந்து ஆட்கள் வருவார்கள். கொழுந்து கிள்ளிப் பழகிய கைகள், இங்கே வந்து பால்வெட்டும் கத்தி பிடிக்கப் பழகியவை. ஒரு பாட்டி அப்பாவிடம் எப்போதும் ஒரே கேள்விதான் கேட்பார், "ஐயா, நல்ல தேயிலைத் தூள் வந்திருக்கா?" அப்பா அவருக்கென்று ஒரு பொட்டலம் தனியாக எடுத்து வைத்திருப்பார். குளத்துப்புழை தென்மலையிலிருந்து தெற்கே கொஞ்ச தூரம். பால சாஸ்தா கோயிலும் ஆற்றில் பக்தர்கள் பொரி போடும் மீன்களும் அங்கே இருக்கின்றன. நேரம் இருந்தால் போங்கள். கோயிலோடு திரும்பிவிடாமல், ரப்பர் தோட்டத்து ஓரத்து டீக்கடை ஒன்றில் பத்து நிமிடம் உட்காருங்கள். தமிழில் பேச்சுக் கொடுத்தால் அவர்களே ஊர் விசாரிப்பார்கள்.

தென்மலைக்கு அப்புறம் சாலை, ரயில், ஆறு மூன்றும் ஒன்றையொன்று விடாமல் வரும். 1904-இல் மீட்டர்கேஜில் தொடங்கி, 2018-இல் அகலப்பாதையாகி மறுபடியும் முழுதாக ஓடத் தொடங்கிய ரயில் பாதை இது. கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலம் சாலைக்கு மேலேயே நிற்கிறது. கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதே போதும். படம் எடுக்கத் தண்டவாளத்தில் ஏறுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். ரயில் ஓடும் பாதை அது, வளைவு தாண்டி வண்டி வந்த பிறகுதான் தெரியும், ஒதுங்க இடமும் கிடையாது. முட்டி வலியோடு வரும் பெரியவர்களுக்கு நான் எப்போதும் ஒரு ஏற்பாடு செய்வேன். புனலூரில் பகல் ரயிலில் துணைக்கு ஒருவரோடு ஏற்றிவிட்டு, வண்டியைச் செங்கோட்டை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடுவது. குகைகளையும் பாலங்களையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துவிடுவார்கள்.

பாலருவிக்கு மதியம் இரண்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். சாலையோர வாயிலிலேயே வண்டியை விட்டுவிட்டு வனத்துறை வண்டியில்தான் உள்ளே போக முடியும், சாயங்காலம் சீக்கிரமே மூடிவிடுவார்கள். ஆரியங்காவு சாஸ்தா கோயில் சாலையிலிருந்து படி இறங்கினால் வந்துவிடும். மார்கழியில் அங்கே நடக்கும் ஐயப்பன் திருக்கல்யாணத்துக்கு மதுரைச் சௌராஷ்டிரர்கள் பெண் வீட்டாராகச் சீர் கொண்டு வருவது இன்றைக்கும் தொடர்கிறது. நடை எப்போது திறப்பார்கள் என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

கோட்டைவாசல்தான் இன்றைய எல்லை. அதைத் தாண்டியதும் புளியரை இறக்கம். இங்கே ஒரு வேண்டுகோள். இது உல்லாசப் பயணிகளுக்காகப் போட்ட சாலை இல்லை. பாவூர்சத்திரம், சுரண்டைச் சந்தைகளின் காய்கறி, பால், வைக்கோல், சிமென்ட் எல்லாம் இதன் வழியாகத்தான் கேரளத்துக்கு ஏறுகின்றன. எஸ் வளைவில் பாரம் ஏற்றிய லாரி முதல் கியரில் முனகிக்கொண்டு வரும். அவர் ஒரு தடவை நின்றுவிட்டால் மறுபடி எடுப்பது பெரும்பாடு. ஏறுகிறவருக்கு வழி விடுங்கள், வளைவில் நிறுத்தாதீர்கள். வளைவுகள் முடிந்து கொஞ்சம் கீழே வந்தால் பாதுகாப்பாக நிறுத்த இடம் இருக்கிறது. ஐந்து மணி வெயிலில் புளியரை வயல்கள், தென்னந்தோப்புகள், நடுவே குளங்கள், அதற்கு அப்பால் செங்கோட்டை என்று மொத்தமும் தெரியும். மலைக்கு மேல் மேகம் முட்டி நிற்கும், நம் தலைக்கு மேல் வெயில் அடிக்கும், எங்கிருந்தோ சாரல் மட்டும் முகத்தில் விழும்.

செங்கோட்டைக்குள் திருவிதாங்கூர் காலத்து வளைவு சங்கு முத்திரையோடு இன்னும் நிற்கிறது. அதைத் தாண்டித் தென்காசிச் சாலையில் போனால் மர அறுவை மில்கள் வரிசையாக வரும், அந்த இடத்துக்குப் பெயர் பிரானூர் பார்டர். 1956 வரை சமஸ்தானத்தின் எல்லை அங்கேதான் இருந்தது. எல்லை மேற்கே மலைக்குப் போய்விட்டது, பெயர் போகவில்லை, பரோட்டாவும் போகவில்லை. வாழையிலையில் பிய்த்துப் போட்ட பரோட்டா, அதன் மேல் சூடாகச் சால்னா, பக்கத்தில் மிளகாய்த் தூள் தூக்கலாகப் பொரித்த கோழி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கேரள வண்டிகளே பாதிக்கு மேல் நிற்கும், ஏழு மணிக்கு முன்னால் போனால்தான் உட்கார இடம்.

மறுநாளும் லீவு போட முடிந்தவர்கள் தென்காசியிலோ குற்றாலத்திலோ தங்கிவிடுங்கள். ஆடி, ஆவணி என்றால் சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்திருக்கலாம். வயலுக்குள் இறங்காமல் வரப்பில் நின்று பாருங்கள், பூ விவசாயியின் வருமானம். குளிக்கிற எண்ணம் இருந்தால் ஐந்தருவிக்கு விடியும்போதே போய்விடுவது நல்லது. தண்ணீர் அதிகமானால் தடை போட்டுவிடுவார்கள், அதனால் எந்த அருவியில் குளிக்க விடுகிறார்கள் என்று ராத்திரியே லாட்ஜில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.